சிவப்பு டேப்பில் அளந்த சமையலறை

படப்பிடிப்புத் தளத்தின் தச்சுப் பட்டறையில் எல்லாரும் அவரை ஒண்ணரை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் நெட்டை என்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். நெட்டைதான், பட்டறைக் கதவுக்குள் குனியாமல் நுழைந்த நாள் கிடையாது. ஆனால் பெயர் அதனால் வரவில்லை. அவர் செய்கிற மேஜை, நாற்காலி, கட்டில், கதவு எல்லாமே ஒன்றரை மடங்கு பெரியவை. ஒரு நடிகரை அந்த நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தால் கால் தரைக்கு எட்டாமல் ஊசலாடும். படம் பார்க்கிறவர்களுக்கு நாற்காலி பெரியதாகத் தெரியாது, நடிகர்தான் சின்னவராகத் தெரிவார். நம் கண் அப்படிப்பட்ட ஏமாளி. நாற்காலி என்றால் இந்த அளவுதான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டு, மனிதனைத்தான் சந்தேகப்படும்.

ஆளைச் சின்னதாகவோ பெரியதாகவோ காட்டுவதற்குச் சினிமாக்காரர்களிடம் வழிக்குப் பஞ்சமில்லை. குள்ளமான கதாநாயகனுக்குப் பலகை, உயரமான கதாநாயகிக்குக் குழி. இது தினமும் நடக்கிற காரியம், தினமும் எல்லாரும் பார்க்காதது போல இருந்துகொள்கிற காரியமும்கூட. இன்னொரு வழி, ஒருவரைக் காமிராவுக்குப் பக்கத்திலும் மற்றவரைத் தள்ளியும் உட்கார வைத்துவிட்டு, நடுவில் இரண்டு துண்டு மேஜை போடுவது. பக்கத்துத் துண்டு சின்னது, தூரத்துத் துண்டு பெரியது. காமிரா இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மேஜையாகிவிடும், ஒருவர் ராட்சசன் போலவும் மற்றவர் பொடியன் போலவும் தெரிவார்கள். இருவரும் கண்ணோடு கண் பார்த்து உருகி உருகிப் பேசுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதுகு காட்டி நிற்கிற காட்சி என்றால் ஆளையே மாற்றிவிடுவதும் உண்டு. அப்படி நடிகருக்குப் பதிலாக நிற்கிற நெட்டையான ஒருவருக்கு அதே சட்டையைத் தைத்தால் துணியின் கட்டமும் பெரிதாக இருக்க வேண்டும், பொத்தானும் பெரிதாக இருக்க வேண்டும். ஒண்ணரையின் வேலையிலும் அதே கண்டிப்புதான். மேஜை ஒன்றரை மடங்கு என்றால் அதன் இழுப்பறைக் கைப்பிடி, ஆணித்தலை, ஏன், மரத்தின் ரேகையையும் தூரிகையால் வரைந்து ஒன்றரை மடங்காக்கிவிடுவார். ஒருமுறை லைட்மேன் ஒருவர் டீயைக் குடித்துவிட்டு வெறும் கிளாஸை அந்த மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க எடுத்த காட்சியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஒரு டீ கிளாஸ் மட்டும் பொம்மை வீட்டிலிருந்து தப்பித்து வந்ததுபோல நின்றது. மறுபடி எடுத்தார்கள். லைட்மேன் அதற்குப் பிறகு டீயே குடிப்பதில்லை என்று பட்டறையில் ஒரு கதை உண்டு, அது பொய்.

இந்த வேலையைத் தப்பில்லாமல் செய்ய ஒண்ணரை ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வரைபடத்தில் இருக்கிற ஒவ்வொரு அளவையும் ஒன்றரையால் பெருக்கி, கணக்கில் கோட்டைவிட்டு, நல்ல பலகையைத் தப்பாக அறுத்துத் தொலைப்பது பட்டறையில் சகஜமாக இருந்தது. அவர் என்ன செய்தார் என்றால், துணி டேப் ஒன்றை எடுத்து அதில் தானே கோடு போட்டார். அதில் ஓர் அடி என்று எழுதியிருக்கும், நீளம் உண்மையில் ஒன்றரை அடி. வரைபடத்தில் மூன்று அடி என்றிருந்தால் அந்த டேப்பில் மூன்று அடியை அளந்து அறுத்தால் போதும், பெருக்கல் எல்லாம் டேப்பே செய்துவிடும். குழம்பிவிடக் கூடாது என்று அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றினார். சாமான்களைச் சின்னதாகச் செய்வதற்குப் பச்சை. ஊர் உலகம் எல்லாம் வைத்திருக்கிற ஒழுங்கான டேப் மஞ்சள். மஞ்சள் டேப் அவருடைய மேஜை இழுப்பறையில் தூங்கும், சிவப்பு டேப் எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும்.

அவர் மனைவியைத் தெருவில் டப்பா அக்கா என்பார்கள். வீட்டில் சமைத்து, அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டி அனுப்புவது அக்காவின் தொழில். அக்கா நாலரை அடி. கணவனும் மனைவியும் சேர்ந்து கடைவீதியில் நடந்தால், இவர்களில் யார் காமிராவுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று பட்டறைக்காரர்கள் கேலி செய்வார்கள். அக்காவுக்கு அந்தக் கேலியில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் சமையல் மேடையில்தான். அவர்கள் குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் மேடை வேறு யாருக்கோ அளவெடுத்துக் கட்டியதாகவே இருந்தது. அக்கா ஒரு பலகை மேல் ஏறி நின்று, அதற்கும் மேலே தோளைத் தூக்கிக்கொண்டு, காலையிலிருந்து மதியம் வரை வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெட்டுவார். வருஷக்கணக்கில் இப்படி வெட்டி வலது தோள் ஒருநாள் தூக்க முடியாமல் நின்றுவிட்டது.

டாக்டர் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, "மேடையை இறக்குங்க, இல்லன்னா இந்தத் தொழிலை விடுங்க" என்று சொல்லிவிட்டார். தொழிலை விடுவதா? அக்கா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவர்கள் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"ஜன்னல் எங்க வெக்கறீங்க, சுவத்துக்கு என்ன பெயிண்ட் அடிக்கறீங்க, எதையும் நான் கேக்க மாட்டேன்" என்றார் அக்கா. "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். என் உயரத்துக்கு ஒரு சமையல் மேடை. நான் பலகை ஏறாம சமைக்கணும்."

"இவ்வளவுதானே? உலகத்துக்கே ராட்சசன் வீடு கட்டிக் குடுக்கறவன் நான். உனக்கு ஒரு மேடை கட்டித் தர மாட்டேனா? நானே என் கையால செய்யறேன்."

அன்றைக்கே மஞ்சள் டேப்பைக் கொண்டுவந்து அக்காவை நிற்க வைத்து அளந்து, மேடை இருபத்தெட்டு அங்குலம் என்று முடிவு செய்தார். எண்ணை மனசில் போட்டுப் பூட்டிக்கொண்டார். முடிகிற வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஓர் ஆணையும் போட்டார்.

பட்டறையில் அப்போது ஒரு பெரிய படத்துக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தன் வாழ்க்கையைச் சொல்கிற கதை. அவளுடைய சிறுவயதையும் வளர்ந்த நடிகையே நடிக்க வேண்டும் என்று இயக்குநருக்கு ஒரு பிடிவாதம். அதனால் பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம், சாப்பாட்டு அறை என்று எல்லாவற்றையும் பெரிது பெரிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் பகல் முழுவதும் பெரிய சாமான்களுக்கு நடுவிலேயே கிடந்தால் கண் என்ன ஆகும்? ஒண்ணரையின் கண் அந்த அளவுக்கே பழகிவிட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"ஏம்மா, இதை எப்போ வாங்கின? குழந்தைங்க விளையாடற கரண்டி மாதிரி இருக்கு."

"நம்ம கல்யாணத்துக்கு உங்க அக்கா குடுத்தது. பேசாம சாப்பிடுங்க."

இந்தக் கண்ணோடும், இடுப்பில் தொங்குகிற சிவப்பு டேப்போடும்தான் அவர் சாயங்காலங்களில் நேராகப் பட்டறையிலிருந்து புது வீட்டுக்குப் போய் வேலை செய்தார். முதலில் சமையலறைச் சுவரை அளந்தார். பன்னிரண்டு அடி இருக்க வேண்டிய சுவர் எட்டு அடிதான் இருந்தது. கொதித்துப்போனார். கொத்தனாரைப் போனில் கூப்பிட்டு, நாலு அடியை எங்கே முழுங்கினாய் என்று வாய்க்கு வந்தபடி கேட்டார். கொத்தனார் தன் பிள்ளைகள் மேல் ஆணையிட்டுச் சொன்னார், பிறகு அவரும் பதிலுக்குத் திட்டினார். கடைசியில், போனால் போகிறது என்று ஒண்ணரை எட்டு அடிக்குத் தகுந்தாற்போல் அலமாரிகளைத் திட்டம் போட்டார். சுவரையும் சிவப்பு டேப், சாமானையும் சிவப்பு டேப் அளந்ததால் எல்லாம் பொருந்திவிட்டது, ஓர் இடுக்கு இல்லை, ஒரு பிசிறு இல்லை. இவ்வளவு அழகாகப் பொருந்துகிற ஒன்றில் தப்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வேலை முடிந்ததும் மேடை முன்னால் நின்று பார்த்தார். காய் வெட்டுவதுபோல் கையை ஆட்டினார். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் கை விட்டார். மேல் அலமாரியைத் திறந்து மூடினார். இடுப்பு வளையவில்லை, கழுத்து வலிக்கவில்லை. என்ன வசதி, என்ன வசதி என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை. வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை ஏற்றி இறக்கி, அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு வா."

"கண்ணை மூடிக்கிட்டா நிலைப்படி தடுக்கும். நீங்க காட்டுங்க, நான் பாக்கறேன்."

அக்கா உள்ளே வந்து நின்றார். மெதுவாக மேடைப் பக்கம் போனார். மேடை அவர் மார்புக்கு வந்து நின்றது. கடைக்கு மிட்டாய் வாங்கப் போன சிறுமி கல்லாவைப் பார்ப்பதுபோல மேடையின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, இது யாருக்கு?"

ஒண்ணரைக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? சமையலறை சரியாகத்தான் இருக்கிறது, இவள் எப்போது இப்படிச் சுருங்கினாள் என்றுதான். எத்தனையோ பேரை ஏமாற்றிய வித்தை, செய்தவரையே ஏமாற்றிவிட்டது. அப்புறம் அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. டேப்பை எடுத்துப் பார்த்தார். சிவப்பு. இருபத்தெட்டு அங்குல மேடை நாற்பத்திரண்டு அங்குலத்துக்கு எழும்பி நின்றது.

"டேப்பு மாறிடுச்சும்மா" என்றார்.

அக்கா சிரித்திருந்தால் பரவாயில்லை, திட்டியிருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் செய்யாமல் நிதானமாகக் கேட்டார். "டேப்பு மாறிடுச்சு, சரி. மனுஷனுக்கு மறதி வரும். முடிச்சதும் நின்னு பாத்திருப்பீங்கல்ல, எல்லாம் வசதியா இருக்கான்னு?"

"பாத்தேன்."

"யாரு நின்னு பாத்தது?"

ஒண்ணரை சிவப்பு டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

மறுநாளும் அலுவலகங்களுக்கு மதியம் பசிக்கும். அக்கா பழைய பலகையை எடுத்துப் போட்டார், போதவில்லை. அதன் கீழே ஒரு மரப்பெட்டியை வைத்து, அதில் ஏறி நின்று சமைத்தார். ஏறும்போது ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒண்ணரை பக்கத்தில் போய் வெட்டித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "நீங்க போய் உங்க ராட்சசனுக்கு வேலை செய்யுங்க" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அதுவும் வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. அக்கா கோபத்தில் இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். பெட்டியிலிருந்து இறங்கி, தோளை நீவிக்கொண்டே, இனிமேல் டப்பாக்களைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா என்று தனக்குள் முணுமுணுத்ததை அவர் கேட்டுவிட்டார்.

பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கடப்பாறையும் சுத்தியலுமாகச் சமையலறையை இடிக்கக் கிளம்பினார். முதல் அலமாரியின் கதவைக் கழற்றப் போகிற நேரத்தில் வாசலில் ஆர்ட் டைரக்டர் வந்து நின்றார். காதில் பென்சில் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை, தூங்கும்போதும் இருக்கும் என்பார்கள். ஆளைக் காணோமே என்று தேடி வந்தவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். வழக்கம்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே! எனக்கே சொல்லாம வீட்டுலயே செட்டு போட்டுட்டீங்களா?"

"சும்மா இருங்க தம்பி. அக்கா இங்கதான் இருக்கா."

"இடிச்சிடாதீங்கண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன். அந்தப் பொண்ணு சின்ன வயசுல அம்மாவோட சமையல்கட்டுல ஜாடி எடுக்கற மாதிரி ஒரு சீன் எழுதிட்டாரு டைரக்டர். உடனே வேணுமாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க என்னடான்னா செஞ்சே வெச்சிருக்கீங்க!"

ஒண்ணரை அக்காவைப் பார்த்தார். இந்த வீட்டில் எதையும் முடிவு செய்கிற தகுதியை அவர் இழந்து சில நாட்களாகியிருந்தது. அக்கா பெட்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"எடுங்க. ஆனா ரெண்டு விஷயம். நீங்க இங்க இருக்கற நாள்ல என் டப்பாவெல்லாம் உங்க கேண்டீன்ல நான் சமைக்கணும். முடிஞ்சதும் இந்த ராட்சச அலமாரி ஒண்ணு விடாம உங்க லாரியில ஏறிடணும். ஒரு ஆணி மிச்சம் இருக்கக் கூடாது."

"அக்கா, சுவத்தைக்கூடக் கழட்டிட்டுப் போறோம்க்கா."

"சுவரு இருக்கட்டும்."

இப்படித்தான் படக்குழு அவர்கள் வீட்டுக்குள் புகுந்தது. விளக்கு, வயர், காமிரா, மனிதர்கள் என்று வீடு கொள்ளவில்லை. பட்டறையிலிருந்து பெரிய கரண்டி, பெரிய சட்டி, குடம்போல இருந்த ஓர் ஊறுகாய் ஜாடி எல்லாம் வந்து இறங்கின. அவை அந்த மேடை மேல் ஏறியதும், எத்தனையோ நாளாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த சமையலறை இயல்பாகிவிட்டது. நடிகை கட்டம் போட்ட கவுனில் வந்தார். நல்ல உயரம், நல்ல சுபாவம். மேடைப் பக்கத்தில் நின்றதும் மானிட்டரில் எட்டு வயதுப் பெண்ணாகத் தெரிந்தார். எல்லாம் சரி, ஜாடியை எட்டி எடுக்கிற இடம் மட்டும் அமையவில்லை. கையை நீட்டினார், எடுத்தார். மறுபடி நீட்டினார், எடுத்தார். பார்ப்பதற்கு அலமாரியில் தூசி தட்டுவதுபோல இருந்தது.

கேண்டீன் வேலையை முடித்துவிட்டு வந்து மூலையில் நின்றுகொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அப்படி இல்லம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இயக்குநர் திரும்பினார். "வேற எப்படி?"

"இவங்க உயரமாவே வளந்துட்டாங்க, பாவம், இவங்களுக்கு எங்க தெரியும்? எட்டாத சாமானை யாரும் நேரா எடுக்க மாட்டாங்க. முதல்ல வயித்தை மேடையில சாய்க்கணும். அப்புறம் குதிங்காலை எழுப்பணும். ரெண்டு விரலால ஜாடியைக் கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே வந்து, அது சாயும்போது உள்ளங்கையில புடிக்கணும். அந்த நேரத்துல மூச்சு விடக் கூடாது."

"கத்துக் குடுங்கக்கா" என்று நடிகையே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். அக்கா செய்து காட்டினார், நடிகை செய்தார், நான்காவது தடவையில் ஜாடி சரியாகச் சாய்ந்து உள்ளங்கையில் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் இயக்குநரின் கண் அக்காவை விட்டு நகரவில்லை. அதே பெண் இன்னும் சின்னவளாக, ஆறு வயதில், காமிராவுக்கு முதுகு காட்டி ஜாடி எடுக்கிற காட்சியும் வேண்டுமாம். அதற்கு நடிகை உயரம் அதிகம்.

"என்னது, எனக்கு இந்த வயசுல கவுனா?" என்றார் அக்கா. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உடைகள் இருந்த அறைக்குப் போனவர், கவுன் போட்டு, இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தபோது வாய் காதுவரை போயிருந்தது. "என்னங்க, எப்படி இருக்கு?" என்று ஒண்ணரையைப் பார்த்துக் கேட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அக்கா அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவருக்குத் தலைகால் புரியவில்லை. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று தேவைக்கு அதிகமாகச் சொன்னார்.

ஒண்ணரையை மானிட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். விளக்கு எரிந்தது. திரையில் ஒரு சிறுமி, அம்மாவின் சமையலறையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வயிற்றை மேடையில் சாய்த்தாள். குதிங்கால் எழும்பியது. வலது கையைத் தூக்கப் போனாள், பாதியில் நின்றது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி மேலே தள்ளினாள். கால் நடுங்கியது. இரண்டு விரல் ஜாடியைத் தொட்டது, நழுவியது, மறுபடி தொட்டது. ஜாடி சாய்ந்தது, பிடித்துக்கொண்டாள்.

பிரமாதம் என்று இயக்குநர் கத்தினார். வீடே கைதட்டியது. ஒண்ணரை கைதட்டவில்லை. முழங்கையைத் தாங்கித் தள்ளிய அந்த ஒரு அசைவை யாரும் சொல்லித்தரவில்லை, அது நடிப்பில்லை என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கூடவே இருந்தும் அவர் அதைப் பார்த்ததில்லை. வீட்டில் அவர் எப்போதும் மேலேயிருந்து பார்த்தார், மேலேயிருந்து பார்த்தால் உச்சந்தலைதான் தெரியும். காமிரா கீழே உட்கார்ந்து பார்த்தது. அவருக்கு அழுகை வந்தது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

குழு சாப்பிடப் போனதும் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அக்கா ரிப்பனை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சுதாம்மா?"

"எது?"

"எட்டி எட்டி எடுக்கறது."

"இன்னிக்கு இல்ல. இன்னிக்கு ஜாலியா இருந்துச்சு." ரிப்பனை மடித்து அவர் கையில் கொடுத்தார். "மத்த நாள்ல வலிக்கும்."

சொன்னபடியே லாரி வந்தது. அலமாரி, மேடை, கைப்பிடி, ஆணி எல்லாம் ஏறின, பதிலுக்கு நல்ல மரமாகப் பார்த்து ஆர்ட் டைரக்டர் இறக்கிவிட்டுப் போனார். சமையலறை வெறும் நாலு சுவராக நின்றது. ஒண்ணரை கொத்தனாருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். கொத்தனார் நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இரண்டு வீடு தள்ளிக் கேட்டிருக்கும். பிறகு ஒண்ணரை சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்று டேப்பையும் பட்டறையிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையும் ஒரு சாக்பீஸுமாக வீட்டுக்கு வந்தார்.

"இப்படிச் சுவரை ஒட்டி நில்லு. தோளைத் தூக்காதே, தொங்க விடு. கையை மடக்கு. காய் வெட்டற மாதிரி ஆட்டு."

அக்கா ஆட்டினார். கை எந்த இடத்தில் ஓய்ந்து நின்றதோ அந்த இடத்தில் சுவரில் கோடு போட்டார். கையை அதிகம் தூக்காமல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்த்து, அங்கே ஒரு கோடு. வெந்நீர்ப் பானையை எங்கேயிருந்து தூக்கினால் சுலபம் என்று கேட்டு ஒரு கோடு. அவருக்கு அதுவும் போதவில்லை. முழங்காலில் பழந்துணியைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். அப்படி நின்றால் அவர் கிட்டத்தட்ட அக்காவின் உயரம். மண்டியிட்டபடியே சமையலறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து, இல்லாத மேடையில் இல்லாத காயை வெட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டார்.

"என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"பதினாலு அங்குலத்தைத் தொலைச்சிட்டாரு" என்றார் அக்கா. "தேடிக்கிட்டு இருக்காரு."

பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கோடு போடப் போனபோது அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தொட்டி மட்டும் என் உயரத்துக்கு வேணாம்."

"ஏன்? அதுதானே உனக்குக் கஷ்டம்?"

"எழுந்திருங்க. இப்படி நில்லுங்க. உங்க கை எங்க வருது?" சாக்பீஸை வாங்கி, அவர் கை வந்த இடத்தில், தன் மார்பு உயரத்துக்கு, அக்காவே ஒரு கோடு போட்டார். "இங்க வெச்சிக்கோங்க. இனிமே பாத்திரம் நீங்கதான் கழுவப் போறீங்க. குனிஞ்சு கழுவினா உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

ஒண்ணரை கோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தொட்டியை அங்கேயே வைத்தார்.

புது மேடையில் அக்கா சமைத்த முதல் நாள், ஒரு கூடை நிறைய வெங்காயம் வெட்டினார். ஒண்ணரை வாசற்படியில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது தோளைத்தான். எழும்பவில்லை. கூடை காலியாகும்வரை ஒரு தடவைகூட எழும்பவில்லை. அக்கா திரும்பி, "வெங்காயம்தான் கண்ணைக் கரிக்குது" என்றார். அவர் தலையாட்டினார்.

படம் வெளியாகப் போகிறது என்று சொல்ல ஆர்ட் டைரக்டர் வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. டப்பாக்கள் எல்லாம் போயிருந்தன. சமையலறை வாசலில் நின்று பழக்க தோஷத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பக்கம் மேடை தாழ்ந்திருந்தது, அந்தப் பக்கம் தொட்டி உயர்ந்திருந்தது. எந்தக் கண்ணை மூடினாலும் கணக்கு ஒத்துவரவில்லை.

"என்னண்ணே, மறுபடியும் டேப்பு மாறிடுச்சா?"

தொட்டி முன்னால், சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, சோப்பு நுரையோடு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார் ஒண்ணரை.

"இல்ல தம்பி. இந்தத் தடவை அளவு சரியா இருக்கு."

"சரியா இருக்குல்ல?" என்றார் அக்கா, தாழ்ந்த மேடையைத் துடைத்துக்கொண்டே. "அப்போ அந்தப் பெரிய சட்டியையும் கழுவிடுங்க."